ஆர்மிக்கு எந்த டிகிரி, மாமா?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்குப் போயிருந்தேன். அக்கா வீடு முத்தியால்பேட்டையில். கடலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான், ஆனாலும் கிளம்ப மனசு வருவது வருடத்துக்கு நாலு தடவை. மீன் குழம்பு சாப்பிட்டுக் கை கழுவி உட்காருவதற்குள் அக்கா மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டான். "மாமா, ஆர்மில ஆபீசர் ஆகணும்னா எந்த டிகிரி எடுக்கணும்?"

நான் வாயைத் திறக்கும் முன்பே கூடத்துக் கட்டிலில் படுத்திருந்த ஆயாவிடமிருந்து பதில் வந்தது. "சொல்தாவுக்குப் போறவனுக்கு டிகிரி எதுக்குடா? எங்க அண்ணன எவன் டிகிரி கேட்டான்?"

புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களை இங்கே சொல்தா என்பார்கள். படைவீரனுக்கான பிரெஞ்சுச் சொல் அப்படியே நம் வாயில் ஒட்டிக்கொண்டது. ஆயாவின் அண்ணன் இந்தோசீனா வரைக்கும் போய்ச் சண்டை போட்டுத் திரும்பியவர். பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். ஜூலை 14 அன்று கோட்டு மாட்டி, மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்துக்குக் கிளம்புவார். அக்கா கல்யாணமான புதிதில் நானே பார்த்திருக்கிறேன். ஆயாவின் கணக்கில் ராணுவம் என்றால் நெஞ்சு அகலம், நல்ல பல், அப்புறம் சாகும் வரை பென்ஷன். டிகிரிக்கு அதில் இடமே இல்லை.

ஆயா சொன்னதில் பாதிக்கு மேல் சரி என்பது எனக்குப் புரிய ஏழெட்டு வருடம் பிடித்தது. அந்தக் கேள்விக்குத் தப்பான பதிலை நம்பி நாலு வருடம் இன்ஜினீயரிங் படித்தவன் நான்.

2005இல் நான் ப்ளஸ் டூ முடித்தபோது எனக்குப் படிக்க ஆசை இருந்தது வரலாறுதான். வீடு தேவனாம்பட்டினம் பக்கம். சின்ன வயதில் செயின்ட் டேவிட் கோட்டையின் இடிந்த சுவர்களைச் சுற்றி விளையாடியிருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் வரலாறு வாத்தியார் சொல்வார், ராபர்ட் கிளைவ் இந்தியாவுக்கு வந்தபோது கம்பெனியில் கணக்கெழுதும் ரைட்டர், 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும் அங்கிருந்து தப்பி இந்தக் கோட்டைக்கு ஓடிவந்தவன், மறுவருடம் இங்கிருக்கும்போதுதான் பேனாவை வைத்துவிட்டுப் படையில் சேர்ந்தான் என்று. (அவன் நமக்குச் செய்ததெல்லாம் வேறு கதை, அவனை யாரும் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.) கணக்கப்பிள்ளை தளபதியான இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு, ராணுவத்துக்கு எந்த டிகிரி நல்லது என்று நான் தெருத்தெருவாக விசாரித்துக்கொண்டிருந்தேன் பாருங்கள்.

விசாரித்ததில் கிடைத்த பதில் ஒன்றே ஒன்று. இன்ஜினீயரிங். "பரீட்சையே கிடையாதுடா, நேரா எஸ்.எஸ்.பி.தான்" என்றார்கள். (எஸ்.எஸ்.பி. என்பது ஆபீசர்களைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நாள் நேர்முகத் தேர்வு.) பொய்யில்லை. டி.ஜி.சி. என்று ஒன்று உண்டு, இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கு மட்டும். எழுத்துத் தேர்வு கிடையாது, தேர்வானால் டேராடூன் இந்திய ராணுவ அகாடமியில் பயிற்சி. ஆனால் எழுத்துத் தேர்வு இல்லையென்றால் கூட்டத்தை எதை வைத்து வடிகட்டுவார்கள் என்று ஒருத்தரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மார்க்கை வைத்துத்தான். சமீபத்திய அறிவிப்புகளில் நாடு முழுக்க எல்லாப் பிரிவுக்கும் சேர்த்து இருப்பதே 30 இடங்கள். விண்ணப்பிப்பவர்களை மார்க் வரிசையில் நிறுத்தி, பிரிவு வாரியாகக் கோடு போட்டு, கோட்டுக்கு மேலே இருப்பவர்களை மட்டும் கூப்பிடுவார்கள். மெக்கானிக்கலில் மூன்று அரியரோடு தத்தளித்து 61 சதவீதத்தில் கரையேறிய எனக்கு அந்தக் கோடு கண்ணுக்கே தெரியாத உயரத்தில் இருந்தது. இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். இரண்டு தடவையும் கூப்பிடவில்லை.

என்னோடு பள்ளியில் படித்த மஞ்சக்குப்பத்து நண்பன் ஒருவன் இருந்தான். அவன் ராணுவம் என்றெல்லாம் பேசியதே இல்லை. ஊரிலேயே ஒரு கலைக் கல்லூரியில் பி.ஏ. சேர்ந்தான், நண்பர்கள் எல்லாம் சேர்கிறார்கள் என்று என்.சி.சி.யில் சேர்ந்தான். பரேடு முடிந்ததும் பூரி கிழங்கு போடுவார்கள், அதற்காகத்தான் போனேன் என்று இன்றைக்கும் சொல்வான். மூன்று வருடம் பூட்ஸுக்குப் பாலீஷ் போட்டு, கேம்ப் போய், பெட்டாலியன் காரர்களிடம் திட்டு வாங்கி, கடைசி வருடம் சி சர்டிபிகேட் பரீட்சை எழுதி பி கிரேடு வாங்கினான். அவனுக்கும் எழுத்துத் தேர்வு இல்லை! என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரி என்று தனி வழி. டிகிரி எதுவானாலும் சரி, 50 சதவீத மார்க், சி சர்டிபிகேட்டில் குறைந்தது பி கிரேடு, 25 வயதுக்குள். நேராக எஸ்.எஸ்.பி. போனான். முதல் தடவையே ரெகமெண்ட் ஆகி, சென்னை பரங்கிமலையில் இருக்கும் ஆபீசர் பயிற்சி அகாடமி, ஓ.டி.ஏ.வுக்குப் போய்விட்டான். பூரி கிழங்கு தின்னப் போனவன் தோளில் நட்சத்திரம் குத்திக்கொண்டு வந்து நிற்கிறான், ராணுவத்துக்கென்றே திட்டம் போட்டுப் படித்த நான் அரியர் பேப்பருக்கு பணம் கட்டிக்கொண்டிருக்கிறேன். நான் படித்த கல்லூரியில் என்.சி.சி.யே இல்லை. சேரும்போது ஆய்வகம் எத்தனை, ஹாஸ்டல் எப்படி, கேம்பஸ் இன்டர்வியூ உண்டா என்றெல்லாம் கேட்ட என் அப்பாவும் நானும் அதைக் கேட்கவேயில்லை.

அதனால் அக்கா மகனிடம் முதலில் நான் சொன்னது, எந்த டிகிரி என்று கேட்காதே, அந்தக் கல்லூரியில் என்.சி.சி. இருக்கிறதா என்று கேள், அதுவும் பேருக்கு இருக்கிறதா, ஒழுங்காகப் பரேடு நடக்கிறதா, எத்தனை இடம், முதல் வருடமே சேர்த்துக்கொள்வார்களா என்று சீனியர் பையன்களிடம் கேள். சி சர்டிபிகேட்டுக்கு மூன்று வருடம் வேண்டும். இரண்டாம் வருடத்தில் ஞானம் பிறந்தால் நேரம் போதாது.

"சரி மாமா. ஆனா எனக்கு ஏர்ஃபோர்ஸ்ல பைலட் ஆகணும்னும் இருக்கு" என்றான்.

இங்கேதான் எனக்குச் சங்கடமாகப் போனது. பையன் ப்ளஸ் ஒன்னில் எடுத்தது வணிகவியல் குரூப். கணக்கும் இல்லை, இயற்பியலும் இல்லை. போர் விமானம் ஓட்டும் பிரிவுக்கு எந்த வழியில் போனாலும், ப்ளஸ் டூக்காரர்கள் எழுதும் என்.டி.ஏ.வோ, டிகிரிக்காரர்கள் எழுதும் சி.டி.எஸ்.ஸோ, விமானப்படையே நடத்தும் ஆஃப்கேட்டோ, ப்ளஸ் டூவில் இயற்பியலும் கணக்கும் படித்திருக்க வேண்டும், இல்லையென்றால் டிகிரி இன்ஜினீயரிங்காக இருக்க வேண்டும். இன்ஜினீயரிங் சேரவே அந்தப் பாடங்கள்தான் வேண்டும் என்பதால் சுற்றிச் சுற்றி அதே வாசலில்தான் வந்து நிற்கும். கடற்படைக்கு சி.டி.எஸ். வழியாகப் போகவும் இன்ஜினீயரிங் கேட்பார்கள். கடலோரக் காவல் படைக்கு இங்கே புதுச்சேரியிலேயே மாவட்டத் தலைமையகம் இருக்கிறது, அதில் அசிஸ்டன்ட் கமாண்டன்ட் பொதுப் பணிக்கும் ப்ளஸ் டூவில் கணக்கு, இயற்பியல் கேட்கிறார்கள். எல்லோரும் டிகிரியைப் பற்றியே மண்டையை உடைத்துக்கொள்கிறோம், ஆனால் பெரிய கதவுகள் பதினைந்து வயதில், பத்தாம் வகுப்பு முடித்த மே மாதத்தில், குரூப் எடுக்கும் வரிசையில் நிற்கும்போதே மூடிவிடுகின்றன. அப்போது ஒருவரும் ராணுவத்தைப் பற்றிக் கேட்பதில்லை. அக்கவுன்ட்ஸ் எடுத்தா பேங்கு வேலை கிடைக்கும் என்று அந்த மே மாதத்தில் சொன்னவன் வேறு யாரும் இல்லை, நான்தான். பேங்குக்காரன் வேறு எதைச் சொல்வான்?

இதைக் கேட்டு அவன் முகம் விழுந்துபோனது. ஆயா கட்டிலிலிருந்து, "விமானம் ஓட்டாட்டி என்ன, தரையில நட" என்றது.

தரையில் நடப்பதற்கு வழி நிறையவே இருக்கிறது. தரைப்படையைப் பொறுத்தவரை ஆயா சொன்னதுதான் கிட்டத்தட்ட விதி. என்.டி.ஏ.வின் ராணுவப் பிரிவுக்கு ப்ளஸ் டூவில் எந்தக் குரூப்பும் சரி. பயிற்சி தொடங்கும்போது பத்தொன்பதரை வயதைத் தாண்டியிருக்கக் கூடாது, அவனுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது, ஆனால் கணக்குப் பேப்பர் 300 மார்க்குக்கு ப்ளஸ் டூ தரத்தில் வரும், கணக்கை விட்ட பையனுக்கு அது மலை. சி.டி.எஸ். அப்படியில்லை. ஏதாவது ஒரு டிகிரி, பாஸ் செய்திருந்தால் போதும், கடைசி வருடம் படிக்கும்போதே எழுதலாம். யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு தடவை நடத்துகிறது. ஆங்கிலம், பொது அறிவு, அடிப்படைக் கணக்கு, ஒவ்வொன்றும் 100 மார்க். அந்தக் கணக்கு பத்தாம் வகுப்புத் தரம்தான்: வட்டி, சதவீதம், வேலை நேரம், முக்கோணவியல், பரப்பளவு. ஓ.டி.ஏ.வுக்கு மட்டும் எழுதினால் கணக்கே இல்லை, மற்ற இரண்டும் போதும். வரலாறு படித்தவனுக்கும் வேதியியல் படித்தவனுக்கும் ஒரே கேள்வித்தாள். மூன்று வருடம் நீங்கள் என்ன படித்தீர்கள் என்று அந்த விடைத்தாளுக்குத் தெரியாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, அதில் விழுபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். டிபென்ஸ் ஸ்டடீஸ் என்று ஒரு பாடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அதற்கென்று துறையே இருக்கிறது, தமிழ்நாட்டில் சில கல்லூரிகளில் இளங்கலையும் உண்டு. பெயரைப் பார்த்ததும் இதுதான் ராணுவத்துக்கான படிப்பு, ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்தால் வெல்டர் ஆவது மாதிரி இதைப் படித்தால் ஆபீசர் ஆகலாம் என்று நினைத்து வெளியூரில் ஹாஸ்டல் பிடித்துச் சேர்கிறார்கள். நல்ல படிப்புதான். போர் வரலாறு, எல்லைப் பிரச்சினை, வெளியுறவு எல்லாம் வரும். பொது அறிவுப் பேப்பருக்கும் குழு விவாதத்துக்கும் கைகொடுக்கும். ஆனால் அதற்காக சி.டி.எஸ்.ஸில் ஒரு மார்க் கூடுதலாகக் கிடைக்காது, எஸ்.எஸ்.பி.யில் தனி வரிசையும் கிடையாது. அந்தப் பாடத்தில் உண்மையிலேயே ருசி இருந்தால் படியுங்கள். பெயர்ப்பலகையைப் பார்த்து மட்டும் போகாதீர்கள்.

டிகிரி நேரடியாகக் கணக்கில் வரும் இடங்களும் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. சட்டம் படித்தவர்களுக்கு ராணுவத்தின் சட்டப் பிரிவு உண்டு, எல்.எல்.பி.யில் 55 சதவீதம் வேண்டும். காலாப்பட்டில் அரசு சட்டக் கல்லூரியில் படிக்கும் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்குச் சந்தேகம். கால்நடை மருத்துவம் படித்தவர்களை ராணுவத்தின் குதிரைகளையும் நாய்களையும் கோவேறு கழுதைகளையும் பார்த்துக்கொள்ளும் பிரிவில் எடுக்கிறார்கள். குரும்பாபேட்டையில் கால்நடைக் கல்லூரி இருக்கிறது. எம்.ஏ., எம்.எஸ்சி. முடித்தவர்களைக் கல்விப் பிரிவுக்கு எடுத்திருக்கிறார்கள். விமானப்படையில் தரைப்பணிக்குப் பல டிகிரியும் ஆகும், ஆனால் பெரும்பாலும் 60 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. இன்ஜினீயரிங் படிப்பவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். டி.ஜி.சி. அறிவிப்பில் ஏற்கப்படும் பிரிவுகளின் பட்டியல் ஒன்று இருக்கும், மார்க்ஷீட்டில் உங்கள் பிரிவின் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அது அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். கல்லூரிகள் இப்போது வருடத்துக்கு ஒரு புதுப் பெயரோடு கோர்ஸ் தொடங்குகின்றன. சேருவதற்கு முன்னால் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் ஆகுமா?

இதெல்லாம் வாசல் வரைக்கும்தான். உள்ளே எஸ்.எஸ்.பி. என்று ஐந்து நாள் இருக்கிறது, என் கதை முடிந்தது அங்கேதான்.

டி.ஜி.சி. கைவிட்டதும் சி.டி.எஸ். எழுதி ஓ.டி.ஏ.வுக்குப் பாஸ் செய்து பெங்களூருவுக்குப் போனேன். முதல் நாளே ஸ்க்ரீனிங். ஒரு மங்கலான படத்தை 30 விநாடி காட்டுவார்கள், நாலு நிமிடத்தில் அதைப் பற்றி ஒரு கதை எழுத வேண்டும், அப்புறம் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு கதை சொல்லி, எல்லோரும் பேசி ஒரு பொதுக் கதைக்கு வர வேண்டும். நடப்பது என்னவோ சந்தைக்கடை. எஸ்.எஸ்.பி. போய்வந்தவர்கள் அதை மீன் மார்க்கெட் என்றுதான் சொல்வார்கள். கடலூர் துறைமுகத்து மீன் ஏலத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கே அன்றைக்கு வாய் திறக்க இடம் கிடைக்கவில்லை. இடம் கிடைத்தபோது இங்கிலீஷ் கிடைக்கவில்லை. வடக்கத்திப் பையன்கள் தட்டுத்தடுமாறி, பாதி இந்தி பாதி இங்கிலீஷில் தைரியமாக அடித்துவிடுகிறார்கள். நான் மனசுக்குள் வாக்கியத்தை இலக்கணத்தோடு கட்டி முடிப்பதற்குள் கதை அடுத்த ஊருக்குப் போய்விட்டது. மத்தியானம் தேறியவர்களின் செஸ்ட் நம்பரை வாசித்தார்கள். என் நம்பர் இல்லை. சாயங்காலம் பஸ் ஏறிவிட்டேன். நாலு வருடம் இன்ஜினீயரிங் படிக்காமல் யாரோடாவது தினம் அரை மணி நேரம் சத்தமாக இங்கிலீஷ் பேசியிருக்கலாம் என்று திருவண்ணாமலை தாண்டும் வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது தடவை போபால். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். இந்தத் தடவை ஸ்க்ரீனிங் தாண்டிவிட்டேன். மறுநாள் உளவியல் தேர்வுகள்: பன்னிரண்டு படத்துக்குப் பன்னிரண்டு கதை, அதில் கடைசிப் படம் வெறும் வெள்ளைத்தாள். அறுபது சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி, மனதில் பட்டதை எழுத வேண்டும். அரை மணி நேரத்தில் அறுபது சூழ்நிலைகள். அப்புறம் இரண்டு நாள் மைதானத்தில் கயிறும் பலகையும் பீப்பாயும் வைத்துக் குழு வேலை, இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, சில்வர் பீச் மணலில் ஓடிப் பழகிய கால்.

இன்டர்வியூதான்.

நிதானமான மனிதர். வீடு, அப்பா, நண்பர்கள் என்று அரை மணி நேரம் பேசவிட்டு, "உங்கள் படிப்பில் உங்களுக்குப் பிடித்த பாடம் எது?" என்றார்.

"தெர்மோடைனமிக்ஸ் சார்." ஏன் அதைச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வாயில் முதலில் வந்த பெயர்.

"நல்லது. அதில் எவ்வளவு மார்க்?"

பொய் சொல்ல முடியாது. "இரண்டாவது தடவைதான் பாஸ் செய்தேன் சார்."

அவர் சிரிக்கவில்லை. வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா, அது எப்படிக் குளிர வைக்கிறது, என் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்றார். கம்ப்ரஸர் என்றேன், கேஸ் என்றேன், அதற்கு மேல் கேஸாகத்தான் போனது. அப்புறம் கேட்டார், மெக்கானிக்கல் ஏன் எடுத்தீர்கள்? ராணுவத்தில் சேர வசதியாக இருக்கும் என்று எடுத்தேன் சார், என்றேன், பெருமையாகத்தான். இந்த பேட்ச்சில் பி.ஏ. படித்தவர் நாலு பேர் இருக்கிறார்கள் தெரியுமா, என்றார். தெரியும், ஒருவன் என் பக்கத்துக் கட்டில். "ராணுவம் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?" மறுபடி முயற்சி செய்வேன் சார். "வயது முடிந்துவிட்டால்?"

பதில் இல்லை. உண்மையிலேயே இல்லை. அதற்கு முன்னால் நான் அதை யோசித்ததே இல்லை. பிடிக்காத பாடத்தை ஒரே ஒரு காரணத்துக்காக எடுத்து, அந்தப் பாடத்தை அரைகுறையாகப் படித்து, அந்தக் காரணமும் கைகூடாவிட்டால் என்ன என்று யோசிக்காமல் இருபத்து மூன்று வயது வரைக்கும் வந்திருக்கிறேன். ஆபீசராகப் போகிறவனைப் பற்றி அவருக்குத் தெரிய வேண்டியது எல்லாம் அந்த நாலு கேள்வியில் கிடைத்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. ஐந்தாம் நாள், தேர்வு செய்பவர்கள் கூடி முடிவெடுக்கும் கான்ஃபரன்ஸில் நான் அவுட். எங்கள் பேட்ச்சில் மூன்று பேர் ரெகமெண்டட். அந்தப் பக்கத்துக் கட்டில் பையன் அதில் ஒருவன். அரசியல் அறிவியல் படித்தவன், சாப்பாட்டு மேசையில் பஞ்சாயத்து ராஜ் பற்றிப் பேச ஆரம்பித்தால் சப்பாத்தி ஆறிப்போகும் அளவுக்குப் பேசுவான். அப்படிப் பேச என்னிடம் எந்தப் பாடமும் இல்லை. வரலாறு படித்திருந்தால் இருந்திருக்கும்.

அப்புறம் இன்னொரு தடவை சி.டி.எஸ். எழுதினேன், எழுத்துத் தேர்வே தேறவில்லை, 25 தாண்டிவிட்டது. கொஞ்ச காலம் சிப்காட்டில் ஷிப்டு வேலை. பிறகு பேங்கு பரீட்சை எழுதி உள்ளே வந்தேன். அதற்கு உதவியது மெக்கானிக்கல் இல்லை, சி.டி.எஸ்.ஸுக்கு என்று மூன்று வருடம் உருப்போட்ட வட்டிக் கணக்கும் இங்கிலீஷும்தான்.

அப்துல் கலாம் கதையை மேடைகளில் சொல்வார்கள். விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் போனார், ஒன்பதாவது இடம் வந்தது, எடுத்ததோ எட்டுப் பேரை, மனம் தளராமல் பெரிய ஆளானார் என்று. அந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவதை யாரும் சொல்வதில்லை. அந்த மனிதர் விமானப் பொறியியலை விரும்பிப் படித்தவர். பைலட் ஆக முடியவில்லை என்ற அன்றைக்குக் கையில் இருந்தது வெறும் காகிதம் இல்லை, பிடித்த வேலை ஒன்று. ஒன்பதாவது வந்த எல்லோருக்கும் அது இருக்காது. எனக்கு இல்லை.

அக்கா மகனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. ஃபிரிட்ஜ் கதையை மட்டும் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்ததும், "அப்ப நான் பி.காம்.மே எடுக்கட்டுமா மாமா? எனக்கு அக்கவுன்ட்ஸ் புடிக்கும். ஆனா ஆர்மிக்குப் போறவன் பி.காம்.மானு ஃப்ரெண்ட்ஸ் கலாய்க்கிறானுங்க" என்றான்.

மேஜர் முகுந்த் வரதராஜன் என்ன படித்தார் தெரியுமா என்று கேட்டேன். தெரியவில்லை. 2014இல் காஷ்மீரின் சோபியானில் உயிரைக் கொடுத்து அசோக சக்ரா வாங்கியவர், தமிழ்நாட்டில் அந்தப் பெயர் தெரியாத பையன் இல்லை, என்ன படித்தார் என்று மட்டும் யாருக்கும் தெரிவதில்லை. பி.காம். அதற்கு மேல் இதழியலில் ஒரு டிப்ளோமா. அப்புறம் பரங்கிமலை. பையன் உடனே செல்போனை எடுத்துத் தேடிப் பார்த்து, நான் சொன்னது சரிதானா என்று உறுதி செய்துகொண்டான். நல்ல பழக்கம்.

சமையலறையிலிருந்து அக்கா வந்து, "அக்னிவீர்னு ஒண்ணு சொல்றாங்களே தம்பி, அதுல இப்பவே சேர்த்துவிட்டா என்ன?" என்றாள். சேரலாம், பதினேழரை வயதிலிருந்து எடுக்கிறார்கள். ஆனால் அது ஆபீசர் வேலை இல்லை, சிப்பாய் வேலை. நாலு வருடம், முடிந்ததும் நாலில் ஒரு பங்குக்கு மேல் நிரந்தரமாக வைத்துக்கொள்ள மாட்டார்கள். நாலு வருடம் கழித்து இருபத்தியிரண்டு வயதில் ப்ளஸ் டூவோடு வீட்டுக்கு வந்து நின்றால் அப்போதிருந்து டிகிரி படிக்க வேண்டும். வீட்டுக்கு உடனே வருமானம் தேவைப்படுகிற குடும்பமாக இருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். அக்கா வீட்டுக்காரருக்கு மின்துறையில் வேலை, அவசரம் இல்லை. சிப்பாயாகச் சேர்ந்தவர்கள் உள்ளே இருந்தபடியே ஆபீசராக ஏ.சி.சி. என்று ஒரு வழி காலங்காலமாக இருக்கிறது, அதையும் சொல்லி வைத்தேன். அக்கா இரண்டையும் கேட்டுவிட்டு, "எதுவா இருந்தாலும் காஷ்மீர் வேணாம்னு எழுதிக் குடுக்கலாமா?" என்றாள். நானும் பையனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கிளம்பும்போது அவனை ஒன்று செய்யச் சொன்னேன். தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையில் ஒருநாள் கண்ணைக் காட்டு, பார்வை மட்டுமில்லாமல் நிறம் பிரித்துப் பார்க்கும் சோதனையும் செய்யச் சொல், புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அந்தப் புத்தகம். மூன்று வருடம் ஓடி ஆடி, பரீட்சை பாஸ் செய்து, எஸ்.எஸ்.பி.யில் ரெகமெண்ட் ஆகி, கடைசியில் மெடிக்கலில் நிறக்குருடு என்று தெரியவந்து திரும்பியவர்களின் கதை எஸ்.எஸ்.பி. போய்வந்த யாரிடம் கேட்டாலும் கிடைக்கும். தட்டைப் பாதம், நிற்கும்போது முட்டி இடிப்பது, மூக்குத்தண்டு வளைவு, காதில் அழுக்கு, இதெல்லாமும் பார்ப்பார்கள். சிலதைச் சரிசெய்துகொண்டு மேல்முறையீட்டு மெடிக்கலுக்குப் போகலாம். கண்ணில் நிறம் தெரியாததை யாரும் சரிசெய்ய முடியாது. அப்புறம் கழுத்தில் டாட்டூ குத்திக்கொள்ளும் யோசனை இருந்தால் விட்டுவிடு, முன்கையின் உட்புறம், புறங்கை தவிர வேறெங்கும் பொதுவாக அனுமதிப்பதில்லை. அவன் முழித்த முழியைப் பார்த்தால் யோசனை இருந்திருக்கிறது.

புதுச்சேரியில் கல்லூரிச் சேர்க்கையை நடத்தும் சென்டாக்கில் விண்ணப்பம் போடும் நாள் எனக்கு போன் செய்தான். பி.காம். முதலில், பொருளாதாரம் இரண்டாவது, வரலாறு மூன்றாவது. வரலாற்றை ஏன்டா போட்டாய் என்றால், "உனக்காக மாமா" என்கிறான், கழுதை. கல்லூரிகளின் வரிசையை மட்டும் அவன் வேறு மாதிரி போட்டிருந்தான். பஸ் வசதி, நண்பர்கள் எல்லாம் பின்னால், எங்கே என்.சி.சி. ஒழுங்காக நடக்கிறது என்று நாலு சீனியர்களிடம் விசாரித்து அதன்படி. கண் சோதனையில் நிறம் எல்லாம் சரியாகத் தெரிகிறதாம், லேசாகக் கிட்டப்பார்வை, கண்ணாடி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

போன வாரம் மறுபடி போன். பி.காம். கிடைத்துவிட்டது. என்.சி.சி. செலக்‌ஷனில் மைதானத்தை நாலு சுற்று ஓடவிட்டார்களாம், இவன் இரண்டாவதாக வந்தானாம்.

"எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க மாமா. ஆனா முடிய ஒட்ட வெட்டிட்டு வரச் சொல்றாங்க" என்றான், குரல் கம்மியிருந்தது. பின்னால் ஆயா யாரையோ கூப்பிட்டுத் தன் அண்ணனுக்கு முடிவெட்டிய கடை எந்தத் தெருவில் இருந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தது.